கிடங்கு திறக்கும் முன்

ஜூன் 3

அன்புள்ள ரேடியோவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வழியெல்லாம் தூங்கியதால் யாரோடும் பேச வேண்டிய அவசியம் வரவில்லை. நீயாக இருந்தால் அவரை எழுப்பியாவது பேசியிருப்பாய்.

அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரிகின்றன. சமையலறை பொது. மற்றவர்கள் தங்கள் டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு ஒட்டக் கூச்சமாக இருக்கிறது, அதனால் என் சர்க்கரை குறைந்துகொண்டே வருகிறது.

வேலை ஒரு பெரிய கூடத்தில். வரிசை வரிசையாகக் கணினிகள், நல்ல குளிர். மின்சாரம் போய் வந்தாலும் எல்லாம் தாமே எழுந்து தாமே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தபடி நடப்பதுதான் என் வேலை.

இனி உன் வேலை. திங்கட்கிழமை என் நாற்காலியில் நீ உட்காரப் போகிறாய். பயிற்சிக் கல்லூரிக்கு இணைய லைன் ஒன்றுதான், அதுவும் மெல்லியது. அதனால்தான் மூலையில் இருக்கும் பழைய பெட்டியை ப்ராக்ஸியாக வைத்திருக்கிறேன். ஒரு மாணவி ஒரு இணையப் பக்கத்தைக் கேட்டால் அது வெளியே போய் எடுத்து வந்து கொடுக்கும், ஒரு நகலைத் தன்னிடமும் வைத்துக்கொள்ளும். அடுத்தவள் அதையே கேட்டால் நகலைக் கொடுத்துவிடும். சந்தைக்கு ஓடாமல் தெருமுனையில் சாமான் கிடைக்கிற மாதிரி. மாணவிகள் அதற்குப் பெட்டிக்கடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நகல்கள் எல்லாம் இரண்டாவது வட்டில், அதாவது இரண்டாவது ஹார்ட் டிஸ்கில், இருக்கின்றன. அது கிடங்கு. ஒன்றே ஒன்று கவனி. மின்சாரம் போய் வந்தால் கடை தானாகத் திறக்காது. எல்லாரும் வருவதற்கு முன்னால் போய்க் கட்டளை அடித்துத் திறக்க வேண்டும். எப்படி என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

கல்லூரிக்கு வருகிற மெயிலை எல்லாம் முதல்வர் அம்மா அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிடுவார். நாம் தபாலிலேயே எழுதுவோம்.

முடிந்தபோது அம்மாவை எட்டிப் பார். அவளுக்குக் கண் மங்கல். தையல் மெஷின் ஓட்டிவிடுவாள், கைத்தையல் ஊசியில் நூல் கோக்கத்தான் முடியாது. தினமும் காலையில் ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்துப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன். வேறு யாரிடமும் அவள் கேட்க மாட்டாள்.

உன்,
பூனை


ஜூன் 19

அடியே பூனை,

விடுதி அறையில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டு நீ பேசியதைவிட இந்த ஒரு கடிதத்தில் அதிகம் பேசியிருக்கிறாய். இப்படித் தெரிந்திருந்தால் அப்போதே உனக்குத் தபால் போட்டிருப்பேன்.

உன் நாற்காலி எனக்கு உயரம், கால் தரையில் படவில்லை. அதைவிடப் பெரிய கூத்து இரண்டாம் நாள். முந்தின இரவு மழையில் மின்சாரம் போயிருக்கிறது. நான் வழக்கம்போல ஆடி அசைந்து போனால் அறை நிறைய மாணவிகள், ஒரு திரையிலும் ஒன்றுமில்லை. அவசர அவசரமாக உன் தாளைப் பார்த்துக் கட்டளை அடித்தேன், அதுவும் தப்பாக. முதல்வர் அம்மா கதவருகில் நின்றுகொண்டு, "முன்னாடி இருந்த பொண்ணு காலத்துல இது தானா ஓடிச்சேம்மா" என்றார்.

தானாக ஓடியதாம். காவலாளிதான் பிறகு என்னிடம் சொன்னார், அவர் கேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே நீ வெளியே நிற்பாயாம், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே நுழைவாயாம். எதற்கடி இவ்வளவு பாடு? மின்சாரம் வந்ததும் கடை தானே திறக்கிற மாதிரி கட்டளைகளைக் கோத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தால் போதாதா? உனக்குத் தெரியாததா? எழுதி அனுப்பு. நான் விடியலில் எழுகிற ரகம் இல்லை என்பது உனக்கே தெரியும்.

உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நீ சொன்னது சரி, கேட்கவே இல்லை. நானாக ஊசிப் பஞ்சை இழுத்து வைத்துக் கோக்க ஆரம்பித்தேன். "நூல் நீளமா விட்டுட்டே, சிக்கும்" என்றார்கள். வெட்டிக் கொடுத்தேன். பிறகு கதை பேசினோம். உன் அம்மா இவ்வளவு சிரிப்பார்கள் என்று நீ சொல்லவே இல்லையே.

உன்,
ரேடியோ


ஜூலை 5

அன்புள்ள ரேடியோவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

ஸ்கிரிப்ட் பற்றிக் கேட்டிருந்தாய். கையால் திறப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெட்டி பழசு. தானாகத் தொடங்கினால் என்ன செய்கிறது, எங்கே தடுக்குகிறது என்று தெரியாமல் போய்விடும். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் அதன் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். காலையில் அந்த அறை எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததில்லை. திரைகள் எல்லாம் இருட்டாக இருக்கும். நான் கட்டளை அடித்ததும் பெட்டி ஒரு முறை இருமும், பிறகு ஓடத் தொடங்கும். எனக்கு அது பிடித்திருந்தது. நீயும் கொஞ்ச நாள் போய்ப் பார்.

நூல் முழ அளவு போதும். அதற்கு மேல் விட்டால் சிக்கும் என்று நான் எழுதியிருக்க வேண்டும். கறுப்பு நூலும் வெள்ளை நூலும் மாறி மாறிக் குத்தி வைப்பேன், நிறம் மங்கலாகத் தெரிந்தாலும் வரிசையை வைத்து அவள் எடுத்துக்கொள்வாள்.

அம்மா சிரிப்பாள். என்னிடம் சிரிப்பதற்கு ஏதாவது நான் சொன்னால்தானே. அவளுக்கு என்ன கதை சொன்னாய்?

இங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான்காம் வரிசை என்றால் நான்தான். அந்த வரிசையில் இன்று வரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

உன்,
பூனை


ஜூலை 24

என் அருமைப் பூனைக்கு,

கோபித்துக்கொள்ளாதே, ஸ்கிரிப்டை நானே எழுதிவிட்டேன். நீ எழுதின கட்டளைகளைத்தான் வரிசையாக வைத்தேன், மேலே எனக்குத் தெரிந்த நாலு வரி. பெட்டி எழும்போதே அது ஓடும். எனக்குக் கொஞ்சம் பயம் இருந்ததால், கிடங்கு கிடைக்காவிட்டால் தற்காலிக இடத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள் என்றும் ஒரு வரி சேர்த்தேன். எதுவாக இருந்தாலும் கடை திறந்தாக வேண்டும் இல்லையா? சுவிட்சை அணைத்துப் போட்டேன். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருக்க, கடை தானே திறந்தது. மாணவிகள் கைதட்டினார்கள். முதல்வர் அம்மா வந்து என் தோளைத் தட்டி, "கெட்டிக்காரிம்மா நீ" என்றார். அறைக்கு வருகிறவர்கள் இப்போது என்னைக் கடைக்காரி என்று கூப்பிடுகிறார்கள். உன்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்களாமே.

இதனால் காலை நேரம் எனக்கு மிச்சம். நேராக அம்மாவிடம் போய்விடுகிறேன். நான் கோக்க, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்க, பொழுது போவதே தெரியவில்லை. எங்கள் வீட்டில் என்னைக் கூப்பிடுவதற்குள் என் அம்மா மற்ற நாலு பிள்ளைகளின் பெயரையும் சொல்லி முடித்திருப்பாள். இங்கே நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா என் பெயரைச் சொல்லிவிடுகிறாள். நீ ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தது எப்பேர்ப்பட்ட வசதி என்று உனக்குத் தெரியாது. அதில் எனக்குப் பொறாமைதான், ஒளிக்கவில்லை.

அம்மா உனக்கு ஒரு ஸ்வெட்டருக்கு அளவு கேட்கிறாள். தோளிலிருந்து எழுதி அனுப்பு.

உன்,
ரேடியோ


ஆகஸ்ட் 8

ரேடியோவுக்கு,

வாழ்த்துகள்.

உன் முதல் கடிதத்தில் 'உன் அம்மா சொன்னார்கள்' என்று இருந்தது. இப்போது 'அம்மா சொன்னாள்' என்று இருக்கிறது. சும்மாதான் கவனித்தேன்.

என் அளவு அம்மாவுக்குத் தெரியும். துணியை என் மேல் வைத்துப் பார்க்காமலேயே வெட்டுவாள். மறந்துவிட்டாளா என்று கேள்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

பூனை


ஆகஸ்ட் 29

அன்புள்ள பூனைக்கு,

அளவு அம்மாவுக்கு மறக்கவில்லை. நீ அங்கே போய் இளைத்திருப்பாய் என்று கேட்கிறாள், அவ்வளவுதான். உன் கடிதத்தை ஒரு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், என் உள்ளங்கை அளவுகூட இல்லை.

சரி, உன்னைச் சிரிக்க வைக்க ஒரு செய்தி. கடைக்காரி நாறிப்போனாள். மழைக்காலம் தொடங்கி மின்சாரம் அடிக்கடி போகிறது. போய் வந்தால் கடை தானே திறக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் திறந்தவுடன் ஒன்றும் நகர மாட்டேன் என்கிறது. ஒரு பாடத்தைத் திறக்க மாணவிகள் கன்னத்தில் கை வைத்துக் காத்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் பரவாயில்லை என்று ஆகும், மறுபடி மின்சாரம் போகும், மறுபடி முதலிலிருந்து. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. நேற்று ஒருத்தி என் காது கேட்கவே சொன்னாள்: "அந்த அக்கா இருந்தவரைக்கும் இப்படி இல்லப்பா. பேசவே மாட்டாங்க, ஆனா எல்லாம் ஓடும்."

முதல்வர் அம்மா தோளைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். என்னவாக இருக்கும்? யோசித்துச் சொல்லேன்.

உன்,
ரேடியோ


செப்டம்பர் 12

என் அன்பு ரேடியோவுக்கு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் பேருந்தில் ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை, அறைக்கு வந்து ஒரு முறை படித்தேன். பாவம் நீ. மாணவிகள் சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அது யார், ஜன்னலோரம் உட்காருகிற கண்ணாடிக்காரியா? அவள்தான் நான் கிளம்புகிற அன்று தன் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். என்னைப் பற்றி வேறு என்ன சொன்னார்கள்? முதல்வர் அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

பெட்டியைப் பற்றி யோசித்தேன். லைன் பழுதாக இருக்கலாம். மழையில் கம்பி நனைந்தால் அப்படித்தான் ஆகும். தொலைபேசிக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். மெதுவாகச் செய், அவசரமில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள். கடையில் இருக்கும் நகல் பழசாகிவிடும். அதனால் ஒவ்வொரு நகலையும் கொடுப்பதற்கு முன் பெட்டி அசலிடம் ஒரு வார்த்தை கேட்கும்: 'நீ மாறிவிட்டாயா?' இல்லை என்று பதில் வந்தால்தான் நகலைக் கொடுக்கும். லைன் மோசமானால் அந்த ஒரு வார்த்தைக்கே நேரமாகிவிடும்.

இங்கே இப்போது கொஞ்சம் பழகிவிட்டது. என் டப்பாக்களில் பெயர் ஒட்டிவிட்டேன். எங்கள் கூடத்து மேற்பார்வையாளர் நல்லவர். நேற்று என் தட்டைப் பார்த்து, "தினமும் ரொட்டியேதானா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். உனக்குத்தான் தெரியுமே, என் பதில் அவ்வளவுதான். நம் இரண்டு வீட்டுக்கும் முதல் பட்டதாரிகள் நாம். பட்டமளிப்பு விழாவில் நீதான் என் அம்மாவுக்கும் உன் அம்மாவுக்கும் சேர்த்து எது எதற்குக் கைதட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் மேடையேறும்போது உன் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. அதை இன்று முழுக்க நினைத்துக்கொண்டேன்.

இதோடு ஒரு கைக்குட்டை வைத்திருக்கிறேன். நீல ஓரம் உனக்குப் பிடிக்கும்.

கடை எப்படி ஓடுகிறது என்று மறக்காமல் எழுது.

என்றும் உன்,
பூனை


அக்டோபர் 2

அன்புள்ள பூனைக்கு,

கைக்குட்டை வந்தது. மூக்கைத் துடைக்க மனசு வரவில்லை, தலையணையில் விரித்திருக்கிறேன்.

கடை அப்படியேதான். தொலைபேசிக்காரர் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்து, "லைன்ல ஒண்ணும் இல்லம்மா, உங்க பொட்டியிலதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. மாணவிகள் இன்னும் உன்னைத்தான் சொல்கிறார்கள். காவலாளி உன்னைக் கேட்டார். வேறு ஏதாவது தோன்றினால் எழுது, விரிவாக எழுது.

அம்மா நன்றாக இருக்கிறாள். ஞாயிறுதோறும் நீ கூப்பிடுகிற மருந்துக்கடை போனுக்கு அவள் இரண்டு வாரமாக வராததை நினைத்துக் கவலைப்படாதே. தையல் வேலை அதிகம்.

உன்,
ரேடியோ


அக்டோபர் 20

ரேடியோவுக்கு,

அம்மாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. எனக்கு யார் சொன்னது தெரியுமா? மருந்துக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது, "அம்மாவுக்கு இப்ப கண்ணுல கட்டெல்லாம் பிரிச்சாச்சு, கவலப்படாதீங்க. கூடவே உங்க தங்கச்சி இருந்தாங்க" என்றார். என் தங்கை. நான் போனை வைத்துவிட்டேன்.

தையல் வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய். கண்ணைக் கட்டிக்கொண்டு என்ன தைத்தாள்?

என் நாற்காலியை நான்தான் உனக்குக் கொடுத்தேன். முதல்வர் அம்மாவிடம் கூச்சத்தை விட்டு இரண்டு முறை போய் உனக்காகப் பேசினேன். அம்மாவை எட்டிப் பார் என்றுதான் எழுதினேன். எட்டிப் பார் என்றால் வாசலில் நின்று பார்ப்பது. நீ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாய். கடைக்காரி என்ற பெயர், காலை நேரம், ஊசிப் பஞ்சு, இப்போது ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல். இன்னும் என்ன பாக்கி இருக்கிறது?

எனக்குப் புரிகிறது. நான் தூரத்தில் இருக்கும் பக்கம். பக்கத்திலேயே நகல் கிடைக்கும்போது யார் மெனக்கெட்டு வெளியே ஓடுவார்கள்?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

(கையெழுத்து வேண்டாம். யார் எழுதியது என்று உனக்குத் தெரியும்.)


நவம்பர் 6

பூனைக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தால் உன்னைவிட மோசமாக எழுதியிருப்பேன்.

மருத்துவர் நாள் குறித்ததும் உனக்கு எழுதத்தான் தாளை எடுத்தேன். அம்மா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "அவளுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவா. வாயத் திறந்து எதுவும் சொல்ல மாட்டா, வந்து நிப்பா. அவ அப்பா போனப்பவும் அப்படித்தான் பரீட்சைய விட்டுட்டு வந்து நின்னா. சொல்லாதடி" என்றாள். நீ எழுதினாயே, நகல் அசலைக் கேட்க வேண்டும் என்று. அம்மா என்னை அசலிடம் போகவே விடவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

நர்ஸ் யார் கூட இருக்கிறீர்கள் என்று கேட்டபோது அம்மாதான், "என் பொண்ணோட சிநேகிதி" என்றாள். எனக்கு அங்கேயே முகம் விழுந்துவிட்டது. காலை காலையாக ஊசி கோத்தவள், இரவெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்தவள், பாத்ரூமுக்குக் கை பிடித்துக் கூட்டிப் போனவள், கடைசியில் சிநேகிதி. 'என் பொண்ணு' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று மனதுக்குள் அம்மாவோடு சண்டை போட்டேன். தங்கச்சி என்று மருந்துக்கடைக்காரர் தானாக நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. அந்தத் திருட்டை ஒத்துக்கொள்கிறேன்.

என்னை நகல் என்றாய். சரி. நான் ஒன்று கேட்கிறேன். அம்மா ஒரு நாளில் என் பெயரை எத்தனை முறை சொல்கிறாளோ அதைவிட அதிகமாக உன் பெயரைச் சொல்கிறாள். என்னிடமே சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டே நூல் கோத்துப் பார், பிறகு யாருக்குப் பொறாமை வரவேண்டும் என்று சொல்.

இப்போது கோக்கவும் வேண்டாம். போன வியாழக்கிழமை நான் போனபோது அம்மா வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று பார்த்தேன். ஒரே தடவையில் நூல் நுழைந்தது. என்னைப் பார்த்து, "இனிமே நீ மெனக்கெட வேணாம்" என்றாள், சந்தோஷமாக. நான் சிரித்தேன். பிறகு கல்லூரிக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு எங்கே போவது என்றே தெரியாத மாதிரி இருந்தது. நமக்கு இரண்டு பேருக்கும் வேலை போய்விட்டதடி.

ரேடியோ


நவம்பர் 21

அன்புள்ள ரேடியோவுக்கு,

முதலில் பெட்டி. உன் ஸ்கிரிப்டில் பிழை இருக்கிறது. இரண்டாவது வட்டு பழசு, அது சுழன்று எழுந்து இணைய நேரமாகும். உன் ஸ்கிரிப்ட் அதற்காகக் காத்திருப்பதில்லை. கிடங்கு திறக்கும் முன் கடையைத் திறந்துவிடுகிறது. கிடங்கைக் காணோம் என்று தற்காலிக இடத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது, அது காலி. மின்சாரம் போகும்போதெல்லாம் அந்தத் தற்காலிக இடமும் அழிந்துவிடும். அதனால்தான் தினமும் முதலிலிருந்து. வட்டு இணைந்துவிட்டதா என்று பார்த்து, இணையும் வரை காத்திருந்து, பிறகு கடையைத் திறக்கச் சொல். புதிதாக உண்டாக்கு என்ற வரியை எடுத்துவிடு. மூன்று வருடமாகச் சேர்த்த நகல்கள் எல்லாம் அந்த வட்டில் அப்படியே இருக்கும், ஒன்றும் போயிருக்காது.

இரண்டாவது விஷயம், இதை நான் இப்போது கண்டுபிடிக்கவில்லை. ஆகஸ்ட் கடிதத்தைப் பேருந்தில் முதல் தடவை படித்தபோதே தெரிந்துவிட்டது. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் படித்தது, 'அந்த அக்கா இருந்தவரைக்கும் இப்படி இல்லை' என்ற வரிக்காக. நான் இல்லாமல் அந்த அறை ஓடக் கூடாது என்று நினைத்தேன். தேர்வு நேரத்தில் அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள், நீ பேச்சு வாங்கினாய், நான் உனக்குக் கைக்குட்டை வாங்கி அனுப்பினேன். லைன் பழுது என்று எழுதியபோது என் கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸ்கிரிப்ட் வேண்டாம் என்று சொன்னதற்கும் காரணம் பெட்டி இல்லை. காலையில் ஊசி கோக்கவும் கடை திறக்கவும் நான் வேண்டும். அந்த இரண்டும்தான் நான் பேசாமலேயே செய்ய முடிந்தவை. பேச்சில் உன்னோடு யாரால் போட்டி போட முடியும்? அந்த இரண்டையாவது நீ விட்டு வைப்பாய் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா கோத்த ஊசியை நீ பார்த்தாய், நான் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது. அது போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இதற்கு மேல் எனக்கு எழுத வேண்டாம் என்று நீ நினைத்தால் நியாயம்தான். அம்மாவை மட்டும் விட்டுவிடாதே.

பூனை


டிசம்பர் 8

அடியே பூனை,

உட்கார்ந்துகொள். கையில் ஏதாவது இருந்தால் கீழே வை.

அந்தப் பிழையை நான் செப்டம்பரிலேயே சரி செய்துவிட்டேன். உன் கைக்குட்டைக் கடிதம் வருவதற்கு முன்பே. ஒரு நாள் காலையில் முன்னதாகவே போய், பெட்டியை அணைத்துப் போட்டு, நீ சொன்ன மாதிரி பக்கத்தில் சும்மா உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டேன். கடை திறந்த பிறகுதான் அந்த இரண்டாவது வட்டு இருமியது. முன்னால் இரும வேண்டியது பின்னால் இருமுகிறதே என்று பார்த்தேன், விஷயம் அதுதான். அதைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவள் நீ. தேர்வுக்கு முன்னாலேயே கடை ஜோராக ஓடியது. தேர்வு நேரத்தில் மாணவிகள் யாரும் காத்திருக்கவில்லை, அந்தப் பாரத்தை இறக்கி வை. தொலைபேசிக்காரர் வந்தது நிஜம், ஆனால் முதல்வர் அம்மாவின் போனைப் பார்க்க. நம் லைனைப் பற்றி அவர் சொன்னதாக எழுதியது என் சொந்தச் சரக்கு.

பிறகு ஏன் 'அப்படியேதான்' என்று எழுதினேன்? நீ எழுதிய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். எனக்குக் கைதட்டல் கிடைத்தது என்று எழுதினால் உள்ளங்கை அளவுக்குப் பதில் வருகிறது. நான் நாறிப்போனேன் என்று எழுதினால் தாளின் முன்னும் பின்னும் நிறைய, 'என் அன்பு' என்று தொடங்கி 'என்றும் உன்' என்று முடிகிறது. எனக்கு அந்தக் கடிதம்தான் வேண்டியிருந்தது. அதற்காகக் கடை கெட்டே கிடக்கட்டும் என்று விட்டேன். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மூன்று வருடம் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருந்தவளுக்கா தெரியாமல் போகும்? நீயாக எப்போது சொல்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டாய்.

இப்போது அம்மா. கண் தெளிந்ததும் முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்வளவு பெரிய குரலுக்கு இத்துனூண்டு முகமா" என்றாள். மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு சுவரில் இருக்கும் உன் பட்டமளிப்புப் படத்தை எடுத்து வரச் சொன்னாள். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து நெடுநேரம் பார்த்தாள். எதிரில் இருந்தபோதெல்லாம் புகைக்குள் பார்க்கிற மாதிரிதான் உன்னைப் பார்த்தாளாம். "இவ கண்ணு இவ்வளவு பெரிசா? அவ அப்பா கண்ணு" என்றாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இது அப்ப இருந்த முகம். இப்ப எப்படி இருக்காளோ, யாருக்குத் தெரியும்? வந்து காட்டச் சொல்லு" என்றாள்.

நானாக ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. கேட்டதை அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. அளவு இல்லாமல் பின்னியது. எனக்குப் போட்டுப் பார்த்தாள், தோளில் தொங்குகிறது. "அவளுக்குச் சரியா இருக்கும்" என்று சொல்லிக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

என்றும் உன்,
ரேடியோ


டிசம்பர் 22

என் அன்பு ரேடியோவுக்கு,

விடுப்புக் கேட்க மேற்பார்வையாளரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். நான் வாயைத் திறந்து கேட்டதே அவருக்கு ஆச்சரியம், உடனே தந்துவிட்டார். வருகிற மாதம் மூன்றாம் சனிக்கிழமை காலை வந்து இறங்குகிறேன். இரண்டு வாரம் இருப்பேன். உனக்கு உயரம் குறைந்த நாற்காலி ஒன்று வேண்டும் என்று முதல்வர் அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ சொன்னால் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் வந்தாள். ஊசி கோப்பதைப் பற்றிச் சொன்னாள், உன்னைப் பற்றிச் சொன்னாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். வருகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

நீ சொல். காலையில் வழக்கமான நேரத்துக்குப் போ, செருப்பைக் கழற்று, அம்மா உன் பெயரைச் சொன்னதும் சொல். அப்போது அவள் முகம் எப்படி ஆனது என்று எனக்கு விரிவாக எழுது.

என்றும் உன்,
பூனை